பாதியில் நின்ற ஆட்டத்தில் ஒரு கோல்

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்குள் கணக்கக்கா ஒரு அட்டவணையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த அட்டவணையில் அவள் தம்பி போட்ட கோல் இருக்குமா, இருக்காதா என்பதுதான் அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு. பேச்சு என்று சொல்வதே அதிகம். தம்பி பொண்டாட்டி தட்டு வைக்கிற சத்தத்தில் கேட்டாள். தம்பி சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து கேட்டான். கணக்கக்காவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அதுதான் தொந்தரவு.

கணக்கக்கா என்பது கால்பந்து லீக் அலுவலகத்தில் வைத்த பெயர். பிறகு வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள், யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார்கள், யாருக்கு அட்டை காட்டினார்கள் என்று லீக் தொடங்கின நாளிலிருந்து எழுதிவைப்பதுதான் அவள் வேலை. ஏசி ஒழுகுகிற ஓர் அறை. ஒழுகலுக்குக் கீழே ஒரு வாளி. பத்திரிகைக்காரர்கள் போன் பண்ணி, அக்கா, பிளே-ஆஃப்ல இதுவரைக்கும் யாரு கை ஓங்கியிருக்கு என்று கேட்டால், வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டே ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடுவாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது போன் அடித்தால், ஐயோ, யாரோ எதையோ கேக்கப் போறான் என்றுதான் முதலில் தோன்றுகிறது.

இந்தத் தடவை இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது ஆலை அணியும் துறைமுக அணியும். மற்ற ஊரில் அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரும். இந்த ஊரில் ஆலையா துறைமுகமா என்று வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை துறைமுகம் என்று தெரிந்து காபி கொடுக்காமல் அனுப்பினார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் யாரும் அதை நம்பாமல் இருந்ததில்லை.

லீக் சுற்றில் முன்னால் வருகிற எட்டு அணிகள், தோற்றால் நேரே வீட்டுக்கு என்று மோதிக்கொள்வதுதான் பிளே-ஆஃப். அந்தப் பிளே-ஆஃப்பில் தொடக்கத்திலிருந்து இன்றுவரை இந்த இரண்டு அணியில் எது பெரியது என்று டெலிவிஷன்காரர்கள் ஓர் ஒப்பீடு கேட்டார்கள். கணக்கக்கா கூட்டிப் பார்த்தாள். வெற்றி சமம். தோல்வி சமம். போட்ட கோலும் சமம். மறுபடி கூட்டினாள். அதே சமம். எழுந்து போய் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நேரே அவள் வீட்டில் வந்து நின்றது.

தம்பி ஆலை அணிக்கு ஆடியவன். மைதானத்தில் அவனுக்கு வௌவால் என்று பெயர். ஆட்டம் முழுக்கக் கோல் கம்பத்துப் பக்கம் தூங்குகிறவன் மாதிரி தொங்கிக்கொண்டிருப்பான். எல்லோரும் களைத்துப்போன கடைசி நேரத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து பந்தைத் தட்டிவிடுவான். பிளே-ஆஃப்பில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினான். அரையிறுதி, துறைமுகத்தின் சொந்த மைதானம், விளக்கு வெளிச்சத்தில். மாற்று ஆளாக உள்ளே போனவன் ஒரு கோல் போட்டான். சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். அதற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே புல்லில் முட்டி போட்டுச் சறுக்கினான். முட்டி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். தூக்கிக்கொண்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மைதானத்து விளக்கெல்லாம் அணைந்தது.

விளக்கு தானாக அணைந்ததா, தோற்கிற நேரம் பார்த்துத் துறைமுகத்துக்காரர்கள் அணைத்தார்களா என்று இன்றுவரை டீக்கடைகளில் தீர்ப்பு வரவில்லை. லீக் விதி மட்டும் தெளிவாக இருந்தது. பாதியில் நின்று, மறுபடி ஆடப்படும் ஆட்டம் நடக்காத ஆட்டம். அதில் போட்ட கோல் போடாத கோல். காட்டின அட்டை மட்டும் அப்படியே நிற்கும், ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்பதால். மறு ஆட்டத்தில் ஆலை தோற்றது. தம்பி அப்போது ஆஸ்பத்திரியில் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். அந்த முட்டி அதற்கப்புறம் பந்தாட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆக, லீக்கின் பிளே-ஆஃப் வரலாற்றில் அவனுடைய இடம் இப்படி: ஆட்டம் இல்லை, கோல் இல்லை, மஞ்சள் அட்டை ஒன்று. ஆடாமலே அட்டை வாங்கிய ஒரே ஆள் அவன்தான். அந்த வரியை எழுதிவைத்ததும் அவன் அக்காதான்.

இத்தனை காலம் அது பற்றி வீட்டில் பெரிதாகச் சச்சரவு இல்லை. தம்பி இப்போது தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் தோளில் கேனை வைத்துக்கொண்டு அந்த முட்டியோடுதான் ஏறுகிறான். சாயங்காலம் வந்து முட்டியில் வெந்நீர்த் துணி போட்டுக்கொள்வான். கோல் கணக்குல இல்ல, முட்டி மட்டும் கணக்குல இருக்கு என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் இரண்டு அணிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. பிளே-ஆஃப்பில் கோல் போட்ட அத்தனை பழைய ஆட்டக்காரர்களும் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அணிச் சட்டை போட்டு மைதானத்தைச் சுற்றி நடந்து வருவார்கள். யார் யார் என்பதை லீக்கின் அட்டவணை சொல்லும். அதாவது கணக்கக்கா சொல்வாள்.

ஆலை அணியின் செயலாளர் ஏற்பாடு முடிவான அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவரை அந்த மாடிப்படியை மிதித்தறியாத மனிதர். தம்பியின் தோளைத் தட்டி, வௌவாலு, உன் கோலை விட மாட்டோம்யா என்றார். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கக்காவிடம் அவர் சொன்னது இது: அந்த ஆட்டத்தை வெற்றி என்று எழுத வேண்டாம், கோலை மட்டும் எழுதினால் போதும். அட்டை செல்லும் என்றால் கோலும் செல்லணும்தானே. கோல் போட்டதால்தானே சட்டையைக் கழற்றினான்? கழற்றினதால்தானே அட்டை? காரணம் நடக்கவில்லை, காரியம் மட்டும் நடந்தது என்றால் எப்படி?

கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு கோலைச் சேர்த்தால் ஆலை துறைமுகத்தை ஒரு கோலில் முந்தும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் இறங்கிப் போனதும் தம்பி பொண்டாட்டி அலமாரியிலிருந்து புருஷனுடைய நல்ல கால்சட்டையை எடுத்தாள். இடுப்பைப் பிரித்து விட வேண்டியிருந்தது. பிரித்துக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னாள்: “எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. கல்யாணமானதிலேருந்து இவர் கோல் போட்டார்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு நாள் கண்ணால பாத்துட்டா போதும்.”

“கோலையா பாக்கப் போற? அவன் சும்மா நடக்கப் போறான்” என்றாள் கணக்கக்கா.

“நடக்கட்டும். அதையாவது பாக்கறேன்.”

தம்பி கண்ணாடி முன்னால் போய் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தான். விட்டான். மறுபடி இழுத்தான். அக்கா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் தலை வாருகிறவன் மாதிரி சீப்பைத் தேடினான்.

கூட்டம் வியாழக்கிழமை நடந்தது. நீள மேசையின் தலைப்பக்கத்தில் லீக் மேலாளர். ஒரு பக்கம் ஆலைச் செயலாளர், கோப்போடு. மறுபக்கம் துறைமுகச் செயலாளர், வெந்நீர்க் குடுவையோடு. வயசான மனிதர், பல் கட்டினவர், சண்டை போடுகிற தெம்பு இல்லாமல் சண்டைக்கு வந்திருந்தார். கணக்கக்கா நடுவில். அவள் யாருக்கு அக்கா என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். அதுவும் நன்றாகவே தெரிந்தது.

ஆலைச் செயலாளர் காரணம், காரியம் எல்லாம் மறுபடி சொன்னார். துறைமுகச் செயலாளர், விதி விதிதான் என்று மட்டும் சொல்லி வெந்நீரை ஊற்றிக்கொண்டார். இதற்கு மேல் வாதாட அவரிடம் ஒன்றும் இல்லை. மேலாளருக்கு மூன்று மணிக்கு வேறு கூட்டம். ஒரு கோல்தானே, எழுதிட்டா யாருக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்க கணக்கக்கா என்றார். சொல்லும்போது கண்ணை ஒரு தடவை மெதுவாக மூடித் திறந்தார். உங்களுக்காகத்தான் என்கிற மாதிரி.

கணக்கக்காவுக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது. லீக்கின் ஆரம்ப வருஷங்களில் இன்னொரு பிளே-ஆஃப் ஆட்டமும் பாதியில் நின்றிருக்கிறது. மழை. ஆடினது துறைமுகமும், இப்போது கலைந்துபோன ஓர் அணியும். நிற்பதற்குள் துறைமுகம் மூன்று கோல் போட்டிருந்தது. மறு ஆட்டத்திலும் துறைமுகமே ஜெயித்ததால் அந்த மூன்றையும் யாரும் தேடவில்லை. எதிரே உட்கார்ந்து வெந்நீர் குடிக்கிற செயலாளரே அப்போது துறைமுகத்தில் சேர்ந்திருக்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்த மூன்று கோலும் மழையிலேயே கிடக்கும்.

வாயைத் திறக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அவளுக்குக் களைப்பாக இருந்தது. முந்தின நாள் கால்சட்டையில் பல்லால் நூல் கடித்த சத்தம் காதில் இருந்தது. சரி என்று சொன்னால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

“ஒண்ணை எழுதினா எல்லாத்தையும் எழுதணும் சார்” என்றாள்.

எல்லாம்னா என்று மேலாளர் கேட்டார். அவள் சொன்னாள். எந்த வருஷம், எந்த மைதானம், எந்த மூன்று பேர். துறைமுகச் செயலாளரின் கை குடுவை மூடியோடு அப்படியே நின்றது. ஆலைச் செயலாளர் விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார். ஒன்று ஆலைக்கு, மூன்று துறைமுகத்துக்கு. இரண்டு தடவை கூட்டியும் அது மாறவில்லை. கோப்பை மூடினார்.

“யோசிச்சுப் பாத்தா, பழைய விதியில ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது” என்றார்.

அடுத்த நிமிஷம் துறைமுகச் செயலாளருக்குத் தெம்பு வந்துவிட்டது. இல்லை, காரணமும் காரியமும் என்று நீங்கள் சொன்னது ரொம்ப சரி, எழுதத்தான் வேண்டும் என்று ஆரம்பித்தார். இருவரும் கட்சி மாறி, ஒருவர் வாதத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விதியை மாற்ற இரண்டு அணியும் ஒத்துக்கொள்ளணும், ஒத்துக்கொள்ளாததால் பழையபடியே என்று முடித்தார். இரண்டு அணியும் சமம். கணக்கக்கா கையெழுத்துப் போட்டாள். ஆலைச் செயலாளர் போகும்போது அவளிடம் தம்பியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வேண்டுமானால் நல்ல இடமாகப் பார்த்து ஓர் இருக்கை ஒதுக்குவதாகவும் சொன்னார்.

வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாசலிலேயே நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னாள். தம்பி பொண்டாட்டி உள்ளே போய் அண்ணிக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய கோபம் அப்படித்தான். உபசாரம் கூடிவிடும்.

தம்பி முட்டியில் துணியோடு உட்கார்ந்திருந்தான்.

“அந்த மழை மேட்ச் அவங்க யாருக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அப்போ நீ சொல்லாம இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

“ஏன் சொன்ன?”

“எனக்குத் தெரிஞ்சிருந்துது. அதான்.”

“தெரியாத மாதிரி இருக்க உனக்குத் தெரியாதா அக்கா? ஊரே இருக்குது. நான் இல்லியா? முட்டி வலிக்கலன்னு தினம் நாலு மாடி ஏறலியா?”

அவள் காபியைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. அந்த மூணு பேரும் எங்கயாவது உக்காந்திருப்பாங்கல்ல என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். தம்பி, இருக்கட்டும், அவங்கவங்க அக்கா பாத்துப்பாங்க என்றான். அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பொண்டாட்டியிடம் சொன்னான். அவள் இரண்டடி தள்ளி நிற்கிற அண்ணியிடம் அதை ஒப்பித்தாள். உப்பு வேணுமாம் அண்ணி. டிவியைக் குறைக்கச் சொல்றார் அண்ணி. நல்ல கால்சட்டை இடுப்புப் பிரிந்தபடியே நாற்காலியில் கிடந்தது. அதை மடித்து வைக்க மூன்று பேரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

இறுதி ஆட்டத்தன்று கணக்கக்காவுக்கு மைதானத்தில் வேலை. அன்று அந்தப் பக்கம் பஸ் விட மாட்டார்கள். ஆட்டோவுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் வண்டி. டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக் கதவு திறந்திருந்தது. கொண்டுபோய் விடுறாராம் அண்ணி என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வழி முழுக்கப் பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. வண்டிகளை மைதானத்துப் பக்கவாசல் வரைதான் விட்டார்கள். அங்கேதான் பழைய ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழுக்கை விழுந்தவர்கள், தொப்பை வைத்தவர்கள், கைத்தடி வைத்த ஒருவர். புது அணிச் சட்டை எல்லோருக்கும் வயிற்றில் இறுக்கமாகவும் தோளில் தொளதொளவென்றும் இருந்தது. ஒருவரை ஒருவர் பழைய கெட்ட வார்த்தையால் கூப்பிட்டுச் சிரித்தார்கள். கணக்கக்கா கதவைத் திறந்து இறங்க இருந்தாள்.

ஆலையின் பழைய கேப்டன் வண்டியைப் பார்த்துவிட்டார். நேரே வந்து ஓட்டுகிற பக்கத்து ஜன்னலில் இரண்டு கையையும் வைத்தார்.

“டேய் வௌவாலு. வண்டில உக்காந்து என்ன பண்ற? இறங்கி வாடா. சட்டை மிச்சம் இருக்கு.”

தம்பி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் வரலப்பா என்றான். கேப்டன் விடவில்லை. அந்தக் கோலுக்குப் பந்தைக் கொடுத்தது யார், நான்தானே, நான் கொடுத்தது உண்மைன்னா நீ போட்டதும் உண்மைதானே என்றார். வாசல்காரனிடம் சொல்லிக்கொள்ளலாம், இந்தக் கூட்டத்தில் ஒரு தலை கூடினால் எவன் எண்ணப் போகிறான் என்றார். உண்மைதான். யாரும் எண்ணப் போவதில்லை. எண்ணுகிற ஒரே ஆள் வண்டிக்குள் ஒரு காலை வெளியே வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போறதுன்னா போகட்டும், நான் பாக்கல என்று அந்த முதுகு சொன்னது. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

தம்பி அந்த முதுகைப் பார்த்தான். பிறகு கேப்டனைப் பார்த்தான்.

“பட்டியல்ல என் பேர் இல்ல கேப்டன்.”

“பட்டியலை எவன்டா போட்டான்?”

“எங்க அக்கா போட்டது. தப்பா இருக்காது.”

கேப்டன் குனிந்து அந்தப் பக்கம் யார் இருப்பது என்று பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். வரிசையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கணக்கக்கா இன்னும் இறங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன சொன்னாலும் அது கணக்கு எழுதுகிறவள் சொல்கிற மாதிரி இருக்கும், அக்கா சொல்கிற மாதிரி இருக்காது என்று பட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பாண்டு வாத்தியம் தொடங்கியது. வரிசை நகர்ந்தது. கைத்தடிக்காரர் கடைசியாகப் போனார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் வரை வந்தது.

தம்பி அது ஓய்கிற வரை முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டியை ஒரு தடவை அழுத்திவிட்டுக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள்.

“இறங்கு அக்கா, வழில நிக்கறேன்” என்றான். மூன்று நாளைக்கப்புறம் அவளிடம் நேராகப் பேசின பேச்சு அது. அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். அவன் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான்.

“ரெண்டும் சமமா இருக்கற டீமு. பெனால்டி வரைக்கும் இழுத்துடுவானுங்க. நீ பாட்டுக்கு வெறும் வயித்தோட உக்காந்திருக்காத, ஏதாவது சாப்பிடு. முடிஞ்சதும் போன் பண்ணு, வரேன்.”

சரி என்றாள். வண்டி பின்வாங்கித் திரும்பியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்றைய ஆட்டத்தை எழுத உள்ளே போனாள்.